பாடலிபுரத்துத் தூண்மண்டபமும் பாரசீகத்து அரமனையும்

கம்பைநல்லூர்த் தேசிநாதேசுவரர் கோயிலைச் சுற்றி வந்தோர் அதன் கற்சுவர்களிலே பண்டை மன்னர்தம் சாசனங்கள் பொறிக்கப்பட்டிருத்தலைக் கண்டிருப்பர். மன்னர் மறைந்தனர், அவர் மரபும் மறைந்தது, கல்லும் கல்மேல் எழுத்தும் நிற்கின்றன. இனி, அவ்வூருக்கு அணித்தாயுள்ள தருமபுரியை நோக்குவோம். சங்கச் சான்றோர் பாடிய தகடூர் அதுவே. கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்த அதியமான் நெடுமானஞ்சி வீற்றிருந்த நகர் அது. அதனை முற்றுகையிட்டு அழித்த பெருஞ்சேரல் இரும்பொறை 'தகடூர் எறிந்த' என்னும் அடைமொழியாலேயே இன்றளவும் குறிக்கப்படுகின்றான். அப்போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்னும் நூலும் முழுமையாகக் கிடைத்திலது. சிதறிய சில பாட்டுக்களே எஞ்சின. ஊரின் பெயராக அதியமான்கோட்டை என்பது வழங்குகின்றது. ஆயின், அம்மன்னன் கொலுவிருந்த அரமனை எங்கே?

இவ்வினாவைக் கேட்போர் பலர், "நம்மவர் கோயிலுக்குச் செய்த சிறப்பை அரசன் இல்லத்துக்குச் செய்யவில்லை போலும்" என்று கூறி அமைவர். வேறு சிலர், "பாட்டிலே கூறப்படும் மாடமாளிகை யாவும் புலவர் கற்பனை" என்பர். இரண்டும் பொருந்தாத விடைகளே என்பது எமது கருத்து. அரமனை என்பது எவ்வாறு அழிகின்றது, அழிந்தபின் எது எஞ்சுகின்றது என்பதை அறியாமையால் இவ்விரு விடையும் எழுந்தன. அதனை அறிதற்கு உலகில் தலைசிறந்த எடுத்துக்காட்டாக நிற்பது பாரசீகத்திலுள்ள ஒரு பாழ். நம் நாட்டில் அதனோடு ஒப்பவைத்துப் பல்லாண்டு வாதிக்கப்பட்டது பாடலிபுரத்திலுள்ள மற்றொரு பாழ். முன்னதை முதலிற் காண்போம்.

ஈரான் நாட்டில் ஷிராஸ் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், ஒரு மலையின் அடிவாரத்தே, கல்லாற் கட்டி உயர்த்திய பெரியதோர் மேடை உள்ளது. அதன் பரப்பு 1,25,000 சதுர மீட்டர். அதனைக் கட்டத் தொடங்கியவன் முதலாம் தாரியஸ் என்னும் பாரசீகச் சக்கரவர்த்தி, காலம் கி. மு. 518-ஐ ஒட்டியது. நம் கல்லூரியில் வேதாகமம் பயின்ற மாணவர்க்கு அவன் புதியவன் அல்லன். தமிழ் வேதாகமத்தில் தரியு என்று வருபவன் அவனே. அவன் மகன் செர்க்சிஸ், எஸ்தரின் சரித்திரத்திலே வரும் அகாஸ்வேரு என்று அறிஞர் பெரும்பாலும் கொள்வர். அச்சரித்திரம் நிகழ்ந்ததாகக் கூறப்படும் சூசான் அரமனையும் தாரியஸ் கட்டியதே. அது வேறு ஊரிலுள்ளது. நாம் ஈண்டுக் கூறும் மலையடிவார அரமனையைப் பாரசீகர் பார்சா என்றனர். கிரேக்கர் பெர்சிபோலிஸ் என்றனர். பிற்காலத்து ஈரானியரோ கட்டியவன் பெயரை மறந்து, தம் பழங்கதையில் வரும் ஜம்ஷீத் என்னும் அரசனுக்கு அதனை உரிமையாக்கித் தக்த்-இ-ஜம்ஷீத், அதாவது ஜம்ஷீதின் அரியணை, என்று அழைக்கலாயினர். பேரரசன் ஒருவன் தன் பெயரைப் பல இடத்தும் மும்மொழியிற் செதுக்கி வைத்தும், படிப்பார் இன்மையால் அவன் பெயர் ஊரார் நாவினின்று நீங்கிற்று.

மேடைமேல் ஏறுவோர் முதலிற் காண்பது மனிதமுகமும் எருதின் உடலும் சிறகும் கொண்ட காவல் உருவங்கள் நிற்கும் வாயில். அதற்கு அப்பால் அபதானா எனப்படும் பேரவை மண்டபம். இம்மண்டபத்தின் உட்பகுதி பக்கத்துக்கு 60 மீட்டர் கொண்ட சதுரம். உள்ளே 36 தூண்கள். மூன்று பக்கத்துத் தாழ்வாரங்களில் மேலும் 36. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 65 அடி உயரம். தூணின் தலையில் முதுகோடு முதுகு சேர்ந்த இரண்டு எருதுகள். அவ்விரண்டன் இடையேயுள்ள பள்ளத்தில் உத்தரம் வந்து அமரும். இந்த 72 தூண்களில் இன்று நிற்பவை 13. இதற்கு அருகே செர்க்சிஸ் தொடங்க அவன் மகன் அர்தசெர்க்சிஸ் முடித்த நூற்றுக்கால் மண்டபம் உள்ளது. வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசைத் தூண். அவற்றின் அடிகளும் வாயில் நிலைகளும் எஞ்சியுள்ளன.

படத்திலே இவற்றைக் காண்போர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வாயில் நிலை நிற்கின்றது; அதன் இருபக்கத்தும் சுவர் இல்லை. சாளரத்தின் கற்சட்டம் நிற்கின்றது. அது பதிந்திருந்த சுவர் இல்லை. தூண் நிற்கின்றது; அது தாங்கிய கூரை இல்லை. காரணம் யாதெனின், சுவர்கள் யாவும் வெயிலில் உலர்த்திய பச்சைமண் செங்கல்லால் ஆனவை. அபதானாவின் சுவர் ஐந்து மீட்டருக்கு மேற்பட்ட தடிப்புடையது. ஆயினும் அது மண்ணே. கூரையோ தேவதாரு மரம். ஆகவே, நாம் இன்று பெர்சிபோலிஸ் என்று கண்டு வியப்பது அவ்வரமனையன்று. அதன் எலும்புகள் சில. வண்ணம் தீட்டிய சுவரும், திரைச்சீலையும், கம்பளமும், பொன் தகடு போர்த்த கதவும் ஆகிய தசை முழுவதும் உதிர்ந்துபோயிற்று.

அத்தசையை உதிர்த்தது காலம் மாத்திரமன்று. கி. மு. 330-இல் மாசிடோனிய மன்னனாகிய அலெக்சாந்தர் இந்நகரைக் கைப்பற்றினான். கருவூலத்தை எடுத்துச்செல்ல 10,000 இணைக் கோவேறு கழுதைகளும் 5,000 ஒட்டகங்களும் வேண்டியிருந்தன என்று புளூட்டார்க் எழுதுகின்றார். அதன்பின் அரமனைக்குத் தீயிடப்பட்டது. தாயிஸ் என்னும் கணிகை மதுவிருந்தில் தூண்டினாள் என்பர் சிலர். 150 ஆண்டுகட்கு முன் செர்க்சிஸ் ஏதென்ஸ் நகரைச் சுட்டதற்குப் பழிவாங்கவே அறிந்து செய்தான் என்பர் ஏரியன் முதலியோர். எது மெய்யாயினும், மண்டபத் தரையில் தேவதாரு மரக்கரி கிடைத்தமை தீயை உறுதிப்படுத்துகின்றது. கூரை எரிந்தபின் மழை மண்சுவரைக் கரைத்தது. கற்களை இணைக்க ஈயம் வார்த்துப் பதித்த இரும்புப் பற்றுக்களைப் பின்வந்தோர் உலோக ஆசையால் குடைந்து எடுத்தனர்.

ஆயினும், இடிந்த மண்சுவர் ஒரு நன்மையும் செய்தது. அபதானாவுக்கு வடக்கே ஒன்றும் கிழக்கே ஒன்றுமாக இரண்டு பெரும்படிகள் உண்டு. இரண்டிலும் ஒரே சிற்பவரிசை. வடக்குப்படி எந்நாளும் வெளியே தெரிந்து வெயிலாலும் மழையாலும் தேய்ந்தது. கிழக்குப்படியின்மேல் சுவர் சரிந்து விழுந்து மூடிற்று. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் கீழைநாட்டு ஆராய்ச்சிக் கழகத்தின் சார்பில் அகழ்ந்த எர்னஸ்ட் ஹெர்ட்ஸ்பெல்ட் 1932-இல் அம்மண்ணை நீக்கியபோது, 2,400 ஆண்டுக்கு முன் உளி விட்ட வண்ணமே சிற்பங்கள் வெளிப்பட்டன. மயிர்ச்சுருளும் ஆடையின் மடிப்பும் எண்ணத்தக்கவாறு உள்ளன.

அச்சிற்பங்களில் 23 நாட்டார் பேரரசனுக்குக் காணிக்கை ஏந்தி வருகின்றனர். அவருள் இந்தியரும் உளர். முன்னே செல்லும் தலைவன் மாத்திரம் மேலாடை போர்த்துக் காலில் செருப்பணிந்துள்ளான். பின்வருவோர் அரையில் வேட்டியோடு வெற்றுடம்பினராய் வெறுங்காலினராய் நடக்கின்றனர். ஒருவன் தோளிலே காவடித்தண்டு. அதன் இருபுறத்துக் கூடைகளிலும் சிறு கலங்கள். அவை பொற்றூள் நிரம்பியவை என்பர். இந்தியர் ஆண்டுதோறும் 360 தாலந்து பொற்றூள் செலுத்தினர் என்று எரொடோட்டஸ் எழுதியிருத்தலின் அவ்வாறு கொள்வர். ஒருவன் கழுதை ஓட்டி வருகின்றான்; மற்றொருவன் கையில் கோடரிகள். இவர் சிந்து நதிக்கரை நாட்டார். நம் சந்தைக்கு வருவோரைப் போன்ற இவ்வுருவங்களைப் பாரசீகத்துப் படிச்சுவரில் காணுங்கால், தொலைவு என்பது ஒருகணம் மறந்துபோகின்றது.

எழுத்துக்களைப் படித்த வரலாறு மாணவர்க்கு மிகவும் சுவையுடையதாதலின் சிறிது கூறுவோம். டென்மார்க்கு அரசன் அனுப்பிய ஆராய்ச்சிக் குழுவைச் சேர்ந்த கார்ஸ்டன் நீபூர் என்பார், தம் தோழர் யாவரும் வழியிலே நோயால் மாள, தாம் ஒருவரே எஞ்சிப் பம்பாய்வரை வந்து, ஊர் திரும்புகையில் 1765-இல் பெர்சிபோலிசில் தங்கினார். ஆணிமுனை போன்ற அவ்வெழுத்துக்களுள் ஒன்றையும் அவர் படிக்க அறியார். ஆயினும் ஒரு கீறலும் தவறாது பார்த்தெழுதினார். அவர் எழுதிய படியை வைத்துக்கொண்டு, பாரசீகத்தைக் கண்ணாற் காணாத ஜெர்மானியப் பள்ளியாசிரியர் கிரோட்டபெண்டு என்பவர் 1802-இல் தாரியஸ், செர்க்சிஸ் என்னும் பெயர்களைப் படித்தார். அடுத்தடுத்து வரும் சொற்கூட்டங்கள், "இன்னான், அரசன், இன்னான் மகன்" என்று அமைந்திருத்தல் வேண்டும் என ஊகித்து, தந்தை அரசனல்லாத அரசன் யார் என்று கிரேக்க நூல்களில் தேடினார், தாரியஸ் அகப்பட்டான். பூட்டுத் திறந்தது.

சிற்பத்திலும் கல்வெட்டிலும் காணாத செய்தியைத் தந்தவை 1933-இல் மேடையின் காவற்சுவர்ப் பகுதியில் கிடைத்த களிமண் பலகைகளாம். பலகைகளும் துண்டுகளுமாக ஏறத்தாழ 30,000. அவற்றுள் மிகுதியானவை ஏலாமிய மொழியில் எழுதிய பண்டகசாலைக் கணக்கு. ரிச்சர்டு ஹாலக் என்னும் அறிஞர் 1969-இல் அவற்றுள் 2,087-ஐ அச்சிட்டார். எந்த வேலைக்காரனுக்கு எத்துணைத் தானியம், எத்துணை மது, பிள்ளை பெற்ற வேலைக்காரிக்கு எத்துணை மிகுதி என்பன அவற்றிற் காணப்படுகின்றன. ஆண்பிள்ளை பெற்றாள் பெற்ற அளவு பெண்பிள்ளை பெற்றாள் பெற்றதின் இருமடங்கு. இவ்வகையில் உலகம் எங்கும் ஒன்றே போலும்! இந்தியாவினின்று அரசன்பால் வந்து சென்ற பயணிகளுக்கு வழியில் மாவும் மதுவும் அளந்த கணக்கும் உண்டு. அரசன் பெருமையைக் கூறவே கல்லிற் பொறித்தனர். எழுத்தர் அன்றாடப் பணிக்காகக் களிமண்ணிற் குத்தினர். பேரரசு எவ்வாறு நடந்தது என்பதை நமக்குக் கூறுவது கல்லன்று, களிமண்ணே.

நிற்க. இப்பாரசீக அரமனைக்கும் நம் நாட்டுக்கும், காணிக்கை ஏந்திய அவ்விந்தியரையன்றி வேறு தொடர்பு உண்டோ? உண்டு என்று கூறி, 1915-இல் அறிஞருலகைக் கலக்கியவர் ஸ்பூனர் என்பார். அதனை விளங்கக் கூறுதற்கு அசோகன் தலைநகராகிய பாடலிபுரத்துக்குச் செல்லல் வேண்டும். அங்ஙனம் செல்வது தகடூரை விட்டு அகல்வதும் ஆகாது. என்னை? அசோகன் தன் இரண்டாம் பாறைச் சாசனத்தில், மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் செய்வித்த எல்லைப்புற நாடுகளாகச் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரொடு சத்தியபுத்திரரையும் கூறுகின்றான். அச்சத்தியபுத்திரர் யாவர் என்று நெடுநாள் ஐயமிருந்தது. திருக்கோயிலூர்ப் பக்கத்து ஜம்பை என்னும் ஊரில் 1981-இல் ஒரு கல்வெட்டு வெளிப்பட்டது. சத்தியபுத்திரனாகிய அதியமான் நெடுமானஞ்சி ஈந்த பள்ளி என்பது அதன் பொருள். ஆகவே, தகடூர்க் குடியின் பெயரைப் பாடலிபுரத்து அரசவை அறிந்திருந்தது.

அப்பாடலிபுரத்தை அசோகனின் பாட்டனாகிய சந்திரகுப்தன் காலத்தில் நேரிற் கண்டவர் மெகஸ்தனீஸ் என்னும் கிரேக்கத் தூதர். அவர் நூல் அழிந்தது. பிறர் எடுத்துரைத்த பகுதிகள் உள்ளன. நகரைச் சூழ மரத்தால் ஆகிய மதில். அதில் 570 கோபுரங்கள், 64 வாயில்கள். பாரசீகரின் சூசான் அரமனையும் இதற்கு நிகராகாது என்று அவ்வழி வந்த கிரேக்க எழுத்தாளர் கூறுவர். மேலும், இந்தியர் ஆற்றங்கரை ஊர்களை மரத்தாலும் மேட்டு நிலத்து ஊர்களைச் செங்கல்லாலும் மண்ணாலும் கட்டுவர், மழையும் வெள்ளமும் செங்கல்லை விட்டுவையா என்பதே காரணம் என்றும் ஓர் அரிய குறிப்பு உளது. அதனை வாசகர் மனத்திற் கொள்க. கி. பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சீன யாத்திரிகர் பாகியான், அசோகன் அரமனையைப் பூதங்களே கட்டின, மனிதர் கைத்திறன் அன்று என ஊரார் கூறியதை எழுதிவைத்தார். ஜம்ஷீதின் கதையைப் போன்றதே இதுவும்.

இன்றைய பட்னா நகரத்தின் ஒரு பகுதியாகிய கும்ரஹாரில் 1913-இல் இந்தியத் தொல்பொருள் துறையினராகிய டேவிட் பிரெய்னெர்டு ஸ்பூனர் அகழ்ந்தார். அமெரிக்காவிற் பிறந்த இவர், பெஷாவருக்கு அருகே கனிஷ்கனின் பேழையைக் கண்டெடுத்துப் புகழ் பெற்றவர். பணம் கொடுத்தவர் பம்பாய்ப் பார்சிச் செல்வராகிய சர் ரத்தன் டாட்டா. ஆண்டுக்கு 20,000 ரூபாய் தர முன்வந்தார். பாரசீகத்தினின்று வந்து குடியேறிய இனத்தவர் பாடலிபுரத்தைத் தோண்டப் பொருள் ஈந்தனர் என்பது பின்னர் நடந்ததை நோக்கும்போது வியப்பைத் தருகின்றது.

ஸ்பூனர் கண்டது என்ன? மேலே குப்தர் காலத்துச் செங்கற்சுவர்கள். அவற்றின் கீழ்ச் சாம்பற்படலம். அதன் கீழே வெள்ளம் கொணர்ந்த வண்டல் பல அடி. அதன் அடியில் மௌரியர் காலத்துத் தரைமட்டம். இதிலே ஒரு புதுமை இருந்தது. ஏறத்தாழ 15 அடிக்கு ஒன்றாக, வரிசை தவறாமல், வட்ட வடிவமான குழிகள் வண்டலூடே நேரே கீழிறங்கின; அவற்றில் சாம்பலும், மெருகிட்ட கல்லின் நொறுங்கிய துண்டுகளும் நிரம்பியிருந்தன. தூண் இல்லை, தூண் இருந்த இடத்தின் அச்சே இருந்தது. தேய்ந்துபோன ஏட்டில் எழுத்தின் பள்ளத்தைத் தடவிப் படிப்பார்போல் அவர் அக்குழிகளை எண்ணிக் கணக்கிட்டு 72 தூண் கொண்ட பெருமண்டபம் ஒன்று அங்கே நின்றது என நிறுவினார். ஏறத்தாழ முழுமையாகக் கிடைத்தது ஒரே தூண். 14 அடிக்குச் சிறிது மிகுந்த நீளமுள்ள ஒற்றைக்கல். சுனார் மலையின் மணற்கல். கண்ணாடிபோல் பளபளக்கும் மெருகு. வெள்ளத்தால் ஈரமான நிலம் இளகித் தூண்கள் தாமே நேரே புதைந்தன என்பது அவர் கொள்கை.

கண்டது இவ்வளவு. அதன்மேல் அவர் எழுப்பியதோ மிகப் பெரிது. பல வரிசைத் தூண் கொண்ட மண்டபம் அதற்கு முன் இந்தியாவில் காணப்படவில்லை, பெர்சிபோலிசில் உண்டு. தூணின் அடியில் இருந்த கற்றச்சர் குறி பாரசீகத்துக் குறியை ஒத்தது. ஆகவே இம்மண்டபம் தாரியசின் மண்டபத்தைப் பார்த்துச் செய்தது என்றார். அம்மட்டில் நின்றிருப்பின் நன்று. சந்திரகுப்தன் குலமே பாரசீகக் குலம், இந்திய சரித்திரத்தில் ஜரதுஷ்டிர காலம் என்று ஒன்று உண்டு என்றெல்லாம் 1915-இல் அரச ஆசியக் கழகத்தின் இதழில் எழுதினார். அக்காலத்து அறிஞரே அதனை ஏற்றிலர்.

உள்ளது எவ்வளவு, மிகையாவது எவ்வளவு என்று பகுத்துணர்தல் தகும். பாரசீகத்தோடு மௌரியர்க்குத் தொடர்பு இருந்தது என்பதில் ஐயமில்லை. வடமேற்கிலுள்ள அசோக சாசனங்களில் எழுத்தைக் குறிக்கும் 'திபி' என்னும் சொல் பாரசீகச் சொல்லே. இன்ன அரசன் இவ்வாறு கூறுகின்றான் என்று சாசனத்தைத் தொடங்கும் முறையும் தாரியசின் முறையை நினைப்பூட்டுகின்றது. ஆயின் சொல்லிய பொருள் யாது? பெகிஸ்தூன் மலையில் தாரியஸ் தான் வென்ற பகைவரையும் அவர்க்கு இழைத்த தண்டனையையும் கூறுகின்றான். அசோகனோ கலிங்கத்தை வென்றதற்குத் தான் வருந்தியதைக் கூறுகின்றான். கடன் வாங்கிய பாத்திரத்திலே சொந்தச் சோறு சமைத்தாற்போன்றது இது.

மண்டபத்தின் நிலையும் அதுவே. பெர்சிபோலிசுத் தூண் பல துண்டுகளை அடுக்கியது; கும்ரஹார்த் தூண் ஒற்றைக்கல். அது நெடுக வரியோடியது, இது வழுவழுப்பானது. அதற்குச் செதுக்கிய பீடம் உண்டு. இதற்குக் கற்பீடமே இல்லை, நீலநிறக் களிமண்ணின்மேல் பதித்த மரப்பலகைமீது நின்றது. அங்கே தடித்த சுவர் சூழ்ந்தது. இங்கே சுவரின் அடையாளம் காணப்படாமையின் திறந்த மண்டபமாய் இருந்திருக்கலாம். பெர்சிபோலிஸ் எரிந்தபின் பிழைப்பிழந்த கற்றச்சர் கிழக்கே வந்து மௌரியரிடம் வேலைக்கு அமர்ந்தனர் என்று மார்ட்டிமர் வீலர் பிற்காலத்தில் ஊகித்தார். அழகிய ஊகம், ஆயின் தீ மூண்டது கி. மு. 330-இல், அசோகன் முடிசூடியது கி. மு. 268-ஐ ஒட்டி. இடையே இரண்டு தலைமுறை. அத்தச்சர் வந்திருப்பின் அவர் பேரப்பிள்ளைகளே அசோகனுக்குத் தூண் மெருகிட்டிருப்பர். அவரைப் பாரசீகர் என்பதோ பாடலிபுரத்தார் என்பதோ?

மீண்டும் 1951 முதல் 1955 வரை காசிபிரசாத் ஜாயஸ்வால் ஆராய்ச்சி நிலையத்தார், அல்டேகர், விஜயகாந்த மிசிரர் என்பாரின் தலைமையில் அங்கே அகழ்ந்தனர். மண்டபத்துக்குரிய மேலும் எட்டுத் தூண்களின் இடங்களும், முகப்புக்குரிய நான்கும் தெரிந்தன. ஆதலின் இப்போது எண்பதுதூண் மண்டபம் என்பர். தூண்கள் தாமே புதைந்தன என்னும் ஸ்பூனர் கொள்கையை இவர் மறுத்தனர். அரமனை மாத்திரமே என எண்ணிய இடத்தில், பௌத்த பிக்குகளின் ஆரோக்கிய விகாரம் என்னும் மருத்துவசாலையின் பெயர் பொறித்த குப்தர்கால முத்திரையும் கிடைத்தது. மருத்துவம் செய்வித்ததைப் பாறையிற் பொறித்த அரசனது நகரில், பல நூற்றாண்டுகட்குப் பின்னும் மருத்துவசாலை இருந்தமை குறிக்கத்தக்கது.

இவற்றினும் எம்மை மிகக் கவர்வன ஸ்பூனர் மண்டபத்துக்குத் தெற்கே கண்ட ஏழு மரமேடைகள். ஏறத்தாழ 30 அடி நீளமுள்ள ஆச்சாமரக் கட்டைகளை ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்தியவை. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் கிடந்தும் அம்மரம் உறுதியாக இருந்தது. அருகிலுள்ள புலந்திபாக் என்னுமிடத்தில் 1926-27-இல் அகழ்ந்தபோது, மெகஸ்தனீஸ் கூறிய மரமதிலின் ஒரு பகுதியே இரு வரிசைக் கட்டைகளாக நேரே நின்றது காணப்பட்டது. அத்தூதர் கூற்றைப் பயணிகளின் மிகைமொழி என்று நகைத்தோர் அன்றே வாயடங்கினர். மரத்தை மக்கவிடாது காத்தது எது? நீர். காற்றுப் புகாதவாறு நிலத்தடி நீர் அதனை எந்நாளும் நனைத்து வைத்தது. பாரசீகத்தில் மண்சுவர் சிற்பத்தைக் காத்தது போலப் பாடலிபுரத்தில் சேறு மரத்தைக் காத்தது.

அந்நீரே பின்னர்ப் பகையும் ஆயிற்று. அகழ்ந்து திறந்த குழியில் நீர் ஊறித் தேங்கிக் கற்றுண்டுகளைக் கெடுக்கத் தொடங்கவே, இந்நூற்றாண்டின் முற்பகுதியில் மண்டபத்தை மீண்டும் மண்ணிட்டு மூடினர். 2024 டிசம்பரில் இந்தியத் தொல்லியல் துறையினர் சில தூண்களின் இடங்களைத் திறந்து நிலைமையை ஆராயத் தொடங்கினர். எஞ்சிய ஒற்றைத்தூணைப் பூங்காவிலே தனியே கிடத்தி வைத்துள்ளனர். அலெக்சாந்தரின் தீயும் பாரசீகத்து வெயிலும் செய்யாததை நாமே பார்க்கும் ஆசையாற் செய்துவிடக்கூடும் ஆதலின், மூடியதைக் குறைகூறல் ஒண்ணாது.

இனித் தமிழ்நாட்டுக்கு மீள்வோம். பாரசீகன் தூணையும் நிலையையும் கல்லாற் செய்து, சுவரை மண்ணாலும் கூரையை மரத்தாலும் செய்தான். ஆதலின் காடுபோன்ற தூண்கள் எஞ்சின. மௌரியன் தூணை மாத்திரம் கல்லாக்கி மற்றவற்றை மரமாக்கினான். ஆதலின் ஒரு தூணும் எண்பது குழியும் எஞ்சின. தூணும் மரமாக இருந்தால் எஞ்சுவது யாது? இதற்கு விடை தகடூரில் அன்று, கங்கைகொண்ட சோழபுரத்தில் கிடைக்கின்றது. அங்கே கோயிலும் அரமனையும் ஒரே அரசன் கட்டியவை, ஒன்றன் பக்கத்தில் ஒன்று. ஆதலின் ஒப்பிட எளிது.

கடாரம் வரை கடற்படை செலுத்திய முதலாம் இராசேந்திர சோழன், கி. பி. 1014 முதல் 1044 வரை ஆண்டவன். அவன் எடுப்பித்த கோயிலின் விமானம் இன்றும் வானளாவி நிற்கின்றது. அதன் தென்மேற்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டரில், உட்கோட்டை என்னும் ஊரில், மாளிகைமேடு என்றொரு மேடு உண்டு. பெயரை மறவாது வைத்திருந்தவர் ஊரார்; நாம் அவர்க்குக் கடப்பாடுடையோம். கல்வெட்டுக்கள் சோழகேரளன் திருமாளிகை என்று ஓர் அரமனையின் பெயரைக் கூறுகின்றன. 1980 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் மாளிகைமேட்டைப் பலமுறை அகழ்ந்தனர். செங்கற் சுவர்களின் அடிப்பகுதி, சுண்ணச்சாந்து, கூரை ஓடுகள், இரும்பாணிகள், சீனத்துப் பீங்கான் துண்டுகள் ஆகியவை வெளிவந்தன. உயர்ந்த சுவர் ஒன்றுமில்லை. செங்கல் எளிதிற் பெயர்வது, எங்கும் பயன்படுவது. ஆதலின் தலைமுறை தலைமுறையாகப் பெயர்த்துச் சென்றனர். கோயிற் கல்லுக்கும் அவ்விடர் வந்தது. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது கோயில் மதிலின் கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோயினர். ஆயினும் கோயில் கோயிலாகவே வழிபாட்டில் இருந்தமையால் விமானம் தப்பிற்று. அரசன் இல்லாத அரமனைக்கு அக்காவல் இல்லை.

பெர்சிபோலிசு எருதுத்தலைத் தூணுக்கு ஒப்பாக மாளிகைமேட்டிற் கிடைத்தவை கருங்கல்லாலாகிய சில அடிமணைகள். அவற்றின்மேல் மெருகிட்ட மரத்தூண்கள் நின்றன என்றும், சிறிய தட்டோடுகளைப் பல அடுக்காகச் சாந்திற் பதித்துக் கூரையிட்டனர் என்றும் அகழ்ந்தோர் உய்த்துணர்ந்தனர். மரம் மக்கிப்போயிற்று. அதனைப் பிணித்திருந்த இரும்பாணிகளை மண்ணினின்று பொறுக்கி எடுத்துவைத்திருக்கின்றனர்.